பதினேழாம் எண் வீட்டின் ஹெலிகாப்டர்

மாலை ஐந்தே முக்காலுக்குச் சற்று முன்பு எழில் நகரின் தெருநாய்கள் காணாமல் போய்விடும். எங்கே போகின்றன என்று யாரும் தேடிப் பார்த்ததில்லை. நாய் போய்விட்டதென்றால் இன்னும் மூன்று நிமிடம் இருக்கிறது என்று அர்த்தம். பெண்கள் கொடியில் காயும் துணிகளை அள்ளிக்கொண்டு ஓடுவார்கள். ஜன்னல்கள் வரிசையாகச் சாத்தப்படும். பேசிக்கொண்டிருப்பவர்கள் பாதிப் பேச்சில் நிறுத்திக்கொள்வார்கள். பிறகு கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைப் பக்கமிருந்து ஹெலிகாப்டர் எழும்பி, மொட்டை மாடிகளை உரசுவதுபோல் தாழ்வாகப் பறந்து சென்னைப் பக்கம் போகும். எதிரே நிற்பவரின் வாய் அசையும், குரல் வராது. அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு நடுங்கும். அது போன பிறகும் ஒரு நிமிடம் தெருவில் யாரும் வாய் திறப்பதில்லை.

புதிதாக வந்த ஒரு கம்பெனியின் முதலாளிக்கு நெடுஞ்சாலை நெரிசல் ஒத்துவரவில்லையாம். அதனால் காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை, ஞாயிறு மட்டும் விடுமுறை. அவர் ஒருவர் சீக்கிரம் வீடு போய்ச் சேர நாற்பத்திரண்டு வீடுகள் காதைப் பொத்திக்கொண்டன.

குடியிருப்போர் சங்கச் செயலாளர் எட்வர்ட் கலெக்டர் ஆபீஸுக்குப் போனார். அங்கே ஒரு அம்மாள், "வாயால சொன்னா ஆவாது சார். தேதி, நேரம், இன்னா பாதிப்பு, எல்லாம் ஊடு ஊடா எழுதிக் கொண்டாங்க" என்று சொல்லி அனுப்பினார்.

எட்வர்டுக்கு அது கரும்பு தின்னக் கூலி கொடுத்த மாதிரி. முப்பத்தோரு வருஷம் காக்களூரில் ஒரு வால்வு கம்பெனியில் ஸ்டோர் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். பதிவேட்டில் தப்பான வரி இருந்தால் அவருக்குச் சோறு இறங்காது, சிவப்புப் பேனாவால் அடித்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார். அன்றே ஒரு நீள நோட்டு வாங்கி, வீட்டுக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, தினமும் மாலை ஆறரைக்கு வாசல் வாசலாக ஏறி இறங்கினார்.

ஆளாளுக்கு எழுதினார்கள். பால்காரர் சடையப்பன், மாடு மிரண்டு கறக்க விடவில்லை என்று எழுதினார். நான்காம் எண் வீட்டு அம்மாள், சீரியலில் அந்தப் பெண் சொன்ன உண்மை காதில் விழவில்லை என்று எழுதினாள். எட்வர்ட் முகத்தைச் சுளித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார்.

அவருக்குப் பிடித்த பக்கம் பதினேழாம் எண் வீட்டுடையது. அது அவருடைய பக்கத்து வீடு. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். மோகன்ராஜ் அங்கே குடிவந்து ஒரு வருஷம் ஆகிறது. இரும்புத் தொழிற்சாலையில் காலை ஷிப்டு, தெருவில் பார்த்தால் வணக்கம் வைக்கும் பிள்ளை. எட்வர்டின் மனைவி மெர்சிக்குத் தண்ணீர் கேன் தூக்கிக்கொண்டு வந்து வைப்பான். அவன் மனைவி அஸ்வினி பள்ளிப்பட்டுக்காரி, அதிகம் பேசமாட்டாள். கதவைப் பாதி திறந்து, நோட்டை வாங்கி, மணிமணியான எழுத்தில் எழுதித் தருவாள்.

'மாலை 5.45. ஹெலிகாப்டர் வந்தது. தட்டு உடைந்தது.'

'மாலை 5.45. ஹெலிகாப்டர் வந்தது. வளையல் நான்கு உடைந்தது.'

எட்வர்டுக்கு ஒரே குஷி. "இந்த ஒரு பக்கம் போதும் மெர்சி, ஆபீசருங்க ஆடிப் போய்டுவாங்க" என்றார். ஒரு நாள் அவளுடைய புருவத்துக்கு மேல் வீங்கியிருந்தது. கேட்டதற்கு, "பரண் மேலருந்து அண்டா வுழுந்துட்ச்சி அங்கிள்" என்றாள். அதையும் சேர்த்து எழுதச் சொல்லி, அடிக்கோடு போட்டுக்கொண்டார். அந்த நேரத்தில் அவர் மனதில் இருந்ததெல்லாம் மனுதான். இதை நினைத்து அந்த மனிதர் பிற்பாடு எத்தனை நாள் தூங்காமல் கிடந்தார் என்பது வேறு விஷயம்.

ஒரு திங்கட்கிழமை நோட்டைப் புரட்டியவர் திடுக்கிட்டார். பதினேழாம் பக்கத்தில் முந்தைய நாள் தேதிக்கு எதிரே ஒரு வரி: 'ஹெலிகாப்டர் வந்தது.' முந்தைய நாள் ஞாயிறு. ஹெலிகாப்டரே கிளம்பாத நாள்.

நேரே போய்க் கதவைத் தட்டினார். மோகன்ராஜும் கூட வந்து நின்றான்.

"இன்னாம்மா, ஞாயித்திக்கெழமை அது வரவேயில்ல. நீ வந்துச்சினு எழுதிக்கிற? இந்த ஒரு வரிய பாத்தா மொத்த நோட்டையும் பொய்னு தூக்கிப் போட்ருவாங்க." சொல்லிக்கொண்டே, அவள் கண் முன்னாலேயே சிவப்புப் பேனாவால் அடித்தார்.

அஸ்வினி அந்தச் சிவப்புக் கோட்டையே பார்த்தாள். மோகன்ராஜ் சிரித்தான். "தெனம் கேட்டுக் கேட்டு அவ காதுலயே நின்னுபோச்சி சார். நான் சொல்லிக்கிறேன், நீங்க போங்க."

அவன் என்ன சொன்னானோ, அடுத்த இரண்டு நாள் அந்தப் பக்கம் காலியாகக் கிடந்தது. அஸ்வினிக்குக் காய்ச்சல் என்றான்.

மனு போய்ச் சேர்ந்தது. மூன்றே வாரத்தில் பாதையை மாற்றிவிட்டார்கள். இனி ஹெலிகாப்டர் பழவேற்காட்டுப் பக்கம் போய்க் கடல் மேலே பறக்கும். தெருவில் லட்டு கொடுத்தார்கள். எட்வர்டுக்குச் சால்வை போர்த்தினார்கள். "நின்னுட்ச்சினு ஒரு வாரம் எழுதிக் குடுத்துடுங்க சார், ஃபைல மூடிடலாம்" என்று அந்த ஆபீஸ் அம்மாள் சொன்னதால், எட்வர்ட் மறுபடியும் நோட்டோடு கிளம்பினார்.

நாற்பத்தோரு வீடுகளில் 'வரவில்லை' என்று எழுதினார்கள். பதினேழாம் எண்ணில் அஸ்வினி எழுதினாள்.

'மாலை 5.45. ஹெலிகாப்டர் வந்தது. கதவு இடித்தது.'

இந்த முறை எட்வர்ட் வாசலில் ஒன்றும் கேட்கவில்லை. அவள் பின்னால் நின்ற மோகன்ராஜ் எப்போதும்போல் செல்போனில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தான். வீட்டுக்கு வந்து சிவப்புக் கோடு போட்டார். மறுநாளும் அதே நேரம், அதே வரி. அதற்கு மறுநாளும்.

மெர்சி நோட்டை எட்டிப் பார்த்தாள். "ஏங்க, எல்லாருக்கும் நின்னு போனது அந்தப் பொண்ணுக்கு மட்டும் எப்டிங்க வருது? எனக்கு பயமாக்கீது. பாஸ்டர கூட்டிக்கினு வந்து ஜெபம் பண்ணலாமா?"

"புத்தி கொழம்பிக்கீது. நமக்கேன் பேஜாரு" என்றார் எட்வர்ட். ஆனாலும் அவருக்கும் உள்ளுக்குள் என்னவோபோல் இருந்தது.

நான்காம் நாள். மாலை ஐந்து நாற்பத்திரண்டு. வானத்தில் ஒன்றுமில்லை, இருந்தாலும் நாய்கள் போய்விட்டன. பழக்கதோஷத்தில் ஜன்னல்கள் சாத்தப்பட்டன. பேசிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். வராத ஒன்றுக்காகத் தெருவே வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ஒரு காக்கைகூடக் கத்தவில்லை.

எட்வர்ட் சமையலறையில் டீ குடித்துக்கொண்டிருந்தார். அலமாரியில் டம்ளர் ஒன்று லேசாகக் கிணுகிணுத்தது.

டீயைக் கீழே வைத்தார். அண்ணாந்து பார்த்தார். மின்விசிறி ஓடவில்லை. தெருவில் வண்டி எதுவும் போகவில்லை. டம்ளர் மறுபடியும் நடுங்கியது. பிறகு பக்கத்துத் தட்டு, அதற்குப் பக்கத்தில் கரண்டி. மேலே ஹெலிகாப்டர் இல்லாமலே அந்த அலமாரி, இரண்டு மாதமாக நடுங்கியதுபோலவே நடுங்கிக்கொண்டிருந்தது. எழுந்து போய் அலமாரிக்குப் பின்னால் இருந்த சுவரில் உள்ளங்கையை வைத்தார். அந்தப் பக்கமிருந்து 'தொம்'மென்று ஒரு மோதல் கையில் வந்து இடித்தது. கூடவே, வாயைப் பொத்திக்கொண்டு அழுகிறவளின் முனகல்.

நோட்டைப் பிரித்தார். தட்டு. வளையல் நான்கு. அண்டா. ஞாயிறு. தான் போட்ட சிவப்புக் கோடுகள். படிக்கப் படிக்க அவருக்குப் புரிந்தது. ஆரம்பத்தில் அந்தச் சத்தத்துக்குள் ஒளிந்துகொண்டு அவன் கை நீட்டியிருக்கிறான். சத்தம் நின்ற பிறகும் அவன் நிறுத்தவில்லை. கேட்டாலும் இந்தத் தெருவில் யாரும் வரமாட்டார்கள் என்று இதற்குள் அவனுக்குத் தெரிந்துபோயிருந்தது.

"மெர்சி, வா!" என்று கத்திக்கொண்டே ஓடிப் பதினேழாம் எண் கதவை இரண்டு கையாலும் தட்டினார். அந்த அமைதியில் தெரு முழுக்க அது கேட்டது. ஒவ்வொரு ஜன்னலாகத் திறந்தது.

மோகன்ராஜ் வியர்வையைத் துடைத்துக்கொண்டு வந்தான். "இன்னா சார், நோட்டா? இன்னிக்கி சீக்கிரமே வந்துட்டீங்க."

"அந்தப் பொண்ண கூப்புடு."

"இது எங்க குடும்ப விசயம் சார்."

வேறு நாளாக இருந்தால் இந்த ஒரு வார்த்தைக்கே எட்வர்ட் திரும்பிப் போயிருப்பார். இன்று வாசலை விட்டு நகரவில்லை. மெர்சி அவனைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். சடையப்பன் வாசலில் வந்து நின்றார், பிறகு நான்காம் எண் அம்மாள், பிறகு இன்னும் பத்துப் பேர். அத்தனை முகங்களைப் பார்த்ததும் மோகன்ராஜின் சிரிப்பு காணாமல் போனது.

அஸ்வினி மெர்சியின் தோளைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். உதடு கிழிந்திருந்தது. எட்வர்ட் வீட்டில் உட்கார வைத்தார்கள். மெர்சி நூற்று எண்பத்தொன்றுக்குப் போன் போட்டாள். பெண்களுக்கான உதவி எண் அது. போலீசும் வந்து மோகன்ராஜை அழைத்துப் போனது. பள்ளிப்பட்டிலிருந்து அவளுடைய நைனா கிளம்பிவிட்டார்.

எட்வர்ட் அவளுக்கு எதிரே நின்றார். "தெரியாம பூட்ச்சிம்மா. நீ வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லிருந்தா..."

"அவரு பின்னாடியே நின்னுக்கினு இருப்பாரு அங்கிள். என் கைல வேற இன்னா கீது? நீங்க குடுத்த நோட்டுதான். வராத நாள்லயும் வந்துச்சினு எழுதனா, ஏன்னு கேப்பீங்கனு நெனச்சேன். நீங்க வந்து அவரு எதுருக்கவே அடிச்சிட்டுப் போனீங்க." அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். "நெசமாவே உங்களுக்கு ஒண்ணும் கேக்கலியா?"

எட்வர்டுக்குக் கண் நிறைந்தது. வாசலில் நின்றவர்கள் எல்லார் காதிலும் விழும்படி சொன்னார். "கேட்டுச்சிம்மா. தெனமும் கேட்டுச்சி. ஹெலிகாப்டருனு நெனச்சிக்கினா, எழுந்து வர வேணாம் பாரு."

அஸ்வினி வாசலில் நின்றவர்கள் எல்லாரையும் ஒருமுறை பார்த்தாள்.

"மானத்துல போறத நிறுத்தறதுக்கு இத்தினி பேரு கையெழுத்து போட்டீங்க. பக்கத்து ஊட்ல பொம்பள அடி வாங்கற சத்தம் கேட்டா அதுக்கு மனு, நோட்டு ஒண்ணும் வேணாம் அங்கிள். குடும்ப விசயம்னு காத மூடிக்காம, எழுந்து வந்து கதவத் தட்டுங்க, போதும்."