உள்ளே வைத்த பொட்டு

வேலாயுதத்துக்கு மூக்கு நுனியில் கோபம் என்று சிராங்கூன் ரோட்டில் சொல்வார்கள். சும்மா சொல்வது. மூக்கு நுனி வரை ஏறிவர அந்தக் கோபத்துக்கு எங்கே பொறுமை இருந்தது? அது அவருடைய வாயிலேயே குடியிருந்தது.

அறுபத்திரண்டாம் வருடம், ஆயுத பூஜை முடிந்த அடுத்த வாரம் அதற்கு நல்ல தீனி கிடைத்தது. காலையிலேயே அப்துல் கஃபார் பட்டறை வாசலில் லாரியை நிறுத்தி, தன் படகு எஞ்சினை இறக்கித் தடாலென்று போட்டார். சாங்கியிலிருந்து உபின் தீவுக்கு ஆள் ஏற்றிப் போகிற படகு அவருடையது. போன வாரம்தான் வேலாயுதம் அந்த எஞ்சினைப் பிரித்துப் பூட்டிக் கொடுத்திருந்தார்.

"இதுதான் நீர் ரிப்பேர் பார்த்த லட்சணமா? நடுக்கடல்ல நின்னு போச்சுய்யா! நீரோட்டம் இழுத்துக்கிட்டுப் போயி, மீன் புடிக்க நட்டிருக்கிற கேலோங் கம்பத்துல மோதப் பார்த்தோம். படகுல என் பொஞ்சாதி சம்சுன்னிசா இருந்தா. சின்னப் புள்ளைங்க இருந்துச்சு. எல்லாரும் கையால தண்ணியைத் தள்ளிக் கரைக்கு வந்தோம்."

"டிரம்முல தண்ணி ஊத்தி ஓட்டிக் காட்டினேனே பாய். உங்க கண்ணு முன்னாலதானே ஓடுச்சு?"

"டிரம்முல ஓடி என்ன லா? என் படகு டிரம்முலயா போகுது?"

எதிரே மாலை கட்டிக்கொண்டிருந்தவர்கள் நாரை அப்படியே விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். வேலாயுதத்துக்குப் பதில் கிடைக்காவிட்டால் பழி போட ஆள் கிடைத்தால் போதும். உள்ளே மாணிக்கம் நின்றான். மனைவி கண்மணியின் தம்பி, பட்டறையில் பாதி வேலை அவன் கையில்தான் நடந்தது. எஞ்சினில் மின்சாரம் உண்டாக்கும் காயிலைப் புதிதாக வாங்கி வந்து மாட்டியவன் அவன்தான்.

"இங்க வாடா! புதுக் காயில் வாங்கிட்டு வான்னா சுங்கை ரோட்டுல பழசைப் பொறுக்கிட்டு வந்து மாட்டியிருக்கே. திருட்டுப் பயலே!"

மாணிக்கத்தின் முகம் கறுத்தது. "கழட்டிப் பார்த்துட்டுச் சொல்லுங்க அத்தான்."

"என்னத்தைப் பார்க்கிறது? உன் மூஞ்சியே சொல்லுது. அக்கா புருஷன்தானேன்னு ஏமாத்திட்டே. வெளிய போடா!"

தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. மாணிக்கம் கையைத் துடைத்தான், துணியை மேசைமேல் போட்டான், போய்விட்டான்.

கஃபார் போகவில்லை. ஒரு மரப்பெட்டியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "சரி செய்யும். நான் பார்த்துக்கிட்டே இருக்கேன்."

வேலாயுதம் முணுமுணுத்துக்கொண்டே வேலையில் இறங்கினார். பெட்ரோல் ஒழுங்காக வந்தது. பிளக்கைக் கழற்றி, அதன் வயரோடு எஞ்சின் இரும்பில் ஒட்டிப் பிடித்துக் கயிற்றை இழுத்தார். பிளக் நுனியில் பொறி தட்டவில்லை. வேறு பிளக் போட்டார். அதிலும் இல்லை. வயரில் வெட்டு இருக்கிறதா என்று அங்குலம் அங்குலமாகத் தடவினார். வயர் நன்றாகத்தான் இருந்தது.

"இனிமே காயில்தான் பாய். பாருங்க, அந்தப் பயலோட யோக்கியதையை உங்க கண்ணாலேயே பாருங்க." எஞ்சின் மேலே சுழலும் ஃபிளைவீல் சக்கரத்தின் நட்டைத் திருகிக் கழற்றிச் சக்கரத்தைத் தூக்கினார். அடியில் காயில் புத்தம் புதிதாக இருந்தது. கம்பெனி ஒட்டிய காகிதம்கூட இன்னும் கிழியவில்லை.

அதன் பக்கத்தில்தான் பாயின்ட். தொட்டுத் தொட்டு விலகிப் பொறியை உண்டாக்கும் இரண்டு சின்ன உலோகக் குமிழ்கள். அவற்றின் நடுவே மஞ்சளாகத் துணுக்கு ஒன்று சிக்கியிருந்தது.

கஃபார் எட்டிப் பார்த்தார். "என்னய்யா அது?"

வேலாயுதம் அதை நகத்தால் எடுத்தார். முகர்ந்து பார்க்கவே தேவையில்லை. சந்தனம்.

அந்தப் பட்டறையில் ஆயுத பூஜைப் பொட்டை முதலாளி கைதான் வைக்கும், வேறு யார் விரலும் படக்கூடாது. பூஜையன்று இந்த எஞ்சின் திறந்து கிடந்தது. பொறி பிறக்கிற இடமல்லவா என்று பாயின்ட் தட்டின்மேல் பெரிதாக ஒரு பொட்டு வைத்தார். "உள்ள வேணாம் அத்தான்" என்றான் மாணிக்கம். "சாமி காரியத்துல மூக்கை நுழைக்காதே" என்று விழுந்தார். மறுநாள் ஈரப் பொட்டோடு எஞ்சின் டிரம்மில் ஓடியது. கடலில் சூடேறிக் காய்ந்த சந்தனம் பொடிந்து உள்ளே விழுந்துவிட்டது.

பெட்ரோலில் நனைத்த துணியால் துடைத்து, பூட்டி, கயிற்றை இழுத்தார். நீலப் பொறி சடசடவென்று தெறித்தது. அதைப் பார்க்கவே அவருக்கு எரிச்சலாக இருந்தது.

"வருஷா வருஷம் நீர் பொட்டு வெச்சுத்தான் தர்றீர். அதுல எனக்கு ஒண்ணும் இல்ல," என்றார் கஃபார். "அந்தப் புள்ளையைத் தெருவுல வெச்சுத் திருடன்னு சொன்னீரே!"

சாயங்காலம் மாணிக்கம் தன் சாமான் பெட்டியை எடுக்க வந்தான். உட்லண்ட்ஸ் பக்கம் ஒரு லாரிப் பட்டறையில் ஆள் கேட்டிருந்தார்கள். கண்மணி புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு வாசலை மறித்து நின்றாள்.

வேலாயுதத்துக்கு மன்னிப்புக் கேட்கத் தெரியாது. வைகிற குரலிலேயே சொன்னார்: "காயில்ல ஒண்ணும் இல்லடா. சந்தனம் விழுந்திருக்கு. போ, போய் வேலையைப் பாரு."

"எஞ்சினுக்கு பிளக்கைப் பார்த்திருப்பீங்க, வயரைப் பார்த்திருப்பீங்க, கடைசியாத்தான் காயிலைத் தொட்டிருப்பீங்க," என்றான் மாணிக்கம். "என் விஷயத்துல மட்டும் ஒண்ணும் பார்க்கத் தோணலயா அத்தான்?"

"அதான் சொல்லிட்டேன்ல! இன்னும் என்னடா செய்யணும்? உன் கால்ல விழணுமா?"

"நீங்க வாயை மூடுங்க!" என்றாள் கண்மணி. கல்யாணமான நாளிலிருந்து அவள் அவரை அப்படிச் சொன்னதில்லை.

மாணிக்கத்தின் தகரப் பெட்டி மூடியில், போன வாரம் வேலாயுதம் தன் விரலால் வைத்த சந்தனமும் குங்குமமும் காய்ந்து ஒட்டியிருந்தன. மாணிக்கம் பெட்ரோல் துணியை எடுத்தான். அதை அழுத்தித் துடைத்தான், தகரம் தெரியும் வரை துடைத்தான். பிறகு பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு, அக்காவை மெல்ல விலக்கிவிட்டு, தெருவில் இறங்கினான்.

சாமிப் பொட்டைத் துடைக்கிறாயேடா என்று கத்துவதற்காக வேலாயுதம் வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை.