பத்து மடிப்பு

லிஃப்ட் மெக்கானிக்குக்குக் கண்ணாடி அலமாரிதான் உலகம். உள்ளே நாற்பத்தொரு பழைய சொகுசுக் கார் பொம்மைகள், ஒவ்வொன்றும் ஒரு சாண் நீளம். கட்டின பெண்டாட்டியைக்கூட அவர் கிட்டே விடமாட்டார். "கதவைத் திறக்காத, உள்ள தூசி போயிடும்" என்பார், ஒரு நாளைக்கு மூன்று தடவை.

பெண்டாட்டி மட்டும் லேசுப்பட்டவளா? பட்டறைத் தெருவில் நிஜக் கார்களுக்கு சீட் தைப்பவள். எல்லோரும் அவளை சீட்டக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஒருநாள் அவர் வேலைக்குப் போனதும் அதில் ஒரு கறுப்புக் காரை எடுத்துப் பார்த்தாள். பின்சீட் பிளாஸ்டிக், அதிலும் எட்டே மடிப்பு! அவருடைய புத்தகத்தில் நிஜக் காரின் படத்தை எடுத்து எண்ணினாள். பத்து. அவளுக்குப் பொறுக்கவில்லை. பழைய கையுறைத் தோலைச் சீவி மெலிதாக்கி, கண் போகாத குறையாக மூன்று வாரம் தைத்து, ஒட்டி, கதவை மூடினாள். வாயையும்தான்.

மனுஷன் அதே காரைக் கண்காட்சிப் போட்டிக்குத் தூக்கிக்கொண்டு போவார் என்று யார் கண்டது? அங்கே வைக்கிற கார் பொம்மைக் கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்க வேண்டும், அதுதான் விதி.

நடுவர் பூதக்கண்ணாடியோடு குனிந்தார். "சீட் கம்பெனி போட்டது இல்லையே. யாரு மாத்தினது?"

"யாரும் கை வைக்கல சார்! நான் கதவையே திறந்ததில்ல!" என்று மெக்கானிக் குதித்தார்.

சீட்டக்கா பக்கத்தில்தான் நின்றாள். ஏழு வருஷமாக அந்தக் கோப்பைக்கு அலைகிறவர். பேசாமல் இருந்தால் தப்பிக்கலாம். ஆனால் தன் தையலைக் கம்பெனிக்காரன் தையல் என்று விட்டுக்கொடுக்க அவளுக்கு மனசு வரவில்லை.

"நான்தான் தைச்சேன். நிஜக் கார்ல பத்து மடிப்பு. கம்பெனிக்காரனுக்கு எண்ணத் தெரியலன்னா நான் என்ன பண்றது?"

நடுவர் மறுபடி குனிந்து எண்ணினார். "பத்துதாம்மா. இப்படி ஒரு வேலையை நான் பாத்ததே இல்ல. ஆனா விதி விதிதான்" என்று காரின் எண்ணைப் பட்டியலில் அடித்தார்.

மெக்கானிக் பூதக்கண்ணாடியை வாங்கி வெகுநேரம் உள்ளே பார்த்தார். வீட்டுக்குப் போனதும் இருக்கிறது கச்சேரி என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

அவரோ நான்கு கதவுகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து வைத்தார். போகிறவர் வருகிறவரையெல்லாம் கையைப் பிடித்து இழுத்தார். "சீட்டைப் பாருங்க சார். என் வீட்டுக்காரி தைச்சது. எண்ணிப் பாருங்க, சும்மா எண்ணிப் பாருங்க!" கோப்பை அடுத்த மேசைக்குப் போனதை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

சீட்டக்காவுக்குப் பெருமை பிடிபடவில்லை. அதைக் காட்டிக்கொள்ளாமல் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"போதுங்க, கதவைச் சாத்துங்க. உள்ள தூசி போயிடும்."

"போனா போகட்டும்டி" என்றார் அவர்.