பவுடரில் விழுந்த கோடு

காரின் அடியில் மல்லாந்து படுத்து, மகளின் முகப் பவுடரை எஞ்சினின் பின்பக்கத்தில் தூவிக்கொண்டிருந்தேன். பாதி எஞ்சினுக்குப் போனது, மீதி என் மூக்குக்குள். முந்தின நாளே மண்ணெண்ணெயும் பிரஷுமாகத் தேய்த்துக் கழுவிக் காயவைத்தாயிற்று. இனி எண்ணெய் எங்கிருந்து கசிகிறதோ அங்கிருந்து பவுடரில் ஈரக் கோடு விழும். இந்த வித்தையைச் சொன்னவர் என் சகலை. கூப்பிட்டிருந்தால் அவரே வந்து பார்த்திருப்பார். கூப்பிடும் யோக்கியதையை மூன்று மாதத்துக்கு முன்பே தொலைத்துவிட்டேன்.

சகலை, என் மனைவியின் அக்கா கணவர், முப்பது வருஷம் எஞ்சின் பிரித்துச் சேர்த்தவர். போன வருஷம் ஒரு காய்ச்சலில் படுத்து எழுந்ததிலிருந்து வலது கை நடுங்குகிறது. பட்டறைக்குப் போவதை விட்டுவிட்டார். என்னைவிட வயதான இந்தக் காரை நான் பழைய இரும்புக் கடையிலிருந்து இழுத்துவந்த அன்று, "எஞ்சினை நான் பாக்குறேன் சகலை, கையும் கொஞ்சம் பழகும்" என்று அவராகவே வந்து நின்றார். நாற்பது நாள். வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கோத்தார். எஞ்சினும் கியர்பாக்ஸும் சேருகிற இடத்தில் ஒரு ரப்பர் சீல் உண்டு. அதை உட்காரவைக்க மட்டும் ஒரு முழுக் காலையை எடுத்துக்கொண்டார். வண்டி முதல் தடவை உறுமியபோது அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். சகலை அங்கேயே நின்று பட்டறை முதலாளிக்குப் போன் போட்டு, அடுத்த மாதம் வந்துவிடுகிறேன் என்றார்.

இரண்டு வாரத்தில் வண்டி ஒழுக ஆரம்பித்தது. சொட்டு விழுந்த இடம் அந்த சீலுக்கு நேர் கீழே. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமனார் வீட்டில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். புதிதாகச் சிமெண்ட் போட்ட வாசலில் கறை எப்படி வந்தது என்று மாமனார் கேட்டார். நான் சும்மா இருந்திருக்கலாம். "என்ன மாமா பண்றது, சீல் வைக்கிற கை ஆடுனா எஞ்சின் ஒழுகத்தானே செய்யும்" என்றேன். பந்தியே சிரித்தது. அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது, அதனால் கைகழுவும் இடத்தில் இன்னொரு தடவையும் சொன்னேன். சகலையும் சிரித்தார். "இருக்கும், இருக்கும்" என்றார். அடுத்த வாரம் பட்டறை முதலாளியிடம் வரவில்லை என்று சொல்லிவிட்டு, ஸ்பேனர் பெட்டியை யாருக்கோ தூக்கிக் கொடுத்துவிட்டதாக மனைவி சொன்னாள்.

எஞ்சினைக் கால் மணி நேரம் ஓடவிட்டு அணைத்தேன். டார்ச்சோடு மறுபடி அடியில் போனேன். கியர்பாக்ஸின் அடித் தகட்டை முன்பே கழற்றி வைத்திருந்ததால், சின்னக் கண்ணாடி ஒன்றை நீட்டி உள்ளே பார்க்க முடிந்தது. சீல் காய்ந்து கிடந்தது. சுற்றிலும் ஒரு சொட்டு ஈரமில்லை. கோடு வெளிப்பக்கம் விழுந்திருந்தது, மேலேயிருந்து. விரலை வைத்துக்கொண்டே பின்தொடர்ந்தேன். எஞ்சின் முதுகு வழியாக ஏறி, உச்சியில் இருக்கும் தகர மூடியின் பின் மூலையில் போய் அது முடிந்தது.

அந்த மூடி என் கைங்கரியம். சகலை வேலையை முடித்துப் போன மறுநாள், போட்டோவில் எடுப்பாக இருக்கட்டும் என்று நான் அதைக் கழற்றிச் சிவப்புப் பெயின்ட் அடித்தேன். "அதைத் தொட்டுடாதீங்க" என்று அவர் சொல்லியிருந்தார். திரும்ப மாட்டும்போது ஒழுகக் கூடாதே என்ற நல்ல எண்ணத்தில் போல்ட்டுகளை உயிரைக் கொடுத்து முறுக்கினேன். முறுக்கிய முறுக்கில் தகரம் வளைந்து, எண்ணெய் கசியாமலிருக்க அடியில் வைத்திருந்த கார்க் பட்டை நாக்கைத் துருத்திக்கொண்டு வெளியே வந்திருந்தது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் ஒரு படி மேலே போய், நன்றாக ஆடியவரின் காலை ஒடித்திருக்கிறேன்.

வெட்கம் உடம்பைப் பிடுங்கித் தின்றது. அதைவிட வெட்கம், அடுத்து வந்த யோசனை. புது கார்க் போட்டு மூடிவிட்டால் ஒழுகல் நின்றுவிடும், யாருக்குத் தெரியப்போகிறது? வெளியே வந்து உட்கார்ந்து அதையும் கொஞ்ச நேரம் யோசித்தேன், பொய் சொல்வானேன். மனைவி வாசலில் நின்றிருந்தாள்.

"அத்தான் வச்ச சீல்தானா?"

"இல்ல. நான் மாட்டுன மூடி."

அவள் உள்ளே போய் என் சட்டையை எடுத்துவந்து கையில் கொடுத்தாள்.

நான் போனபோது சகலை தன் வீட்டில் சத்தத்தைக் குறைத்துவைத்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார். நான் உட்காராமலே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் டிவியை அணைத்தார்.

"அப்ப சீல்?"

"காஞ்சு கெடக்குண்ணே. கண்ணாடி வச்சுப் பாத்தேன்."

"நல்லாப் பாத்தீங்களா?"

"ரெண்டு தடவை பாத்தேன்."

அவர் திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன். அடுக்களையிலிருந்து அக்கா வந்தாள். எல்லாம் கேட்டிருக்கிறாள் என்பது முகத்தில் தெரிந்தது.

"அன்னைக்கு நீங்க சொன்னப்போ இவர் மட்டுமா இருந்தாரு தம்பி? அத்தனை பேரும் சிரிச்சாங்க." மேசையருகே வந்து நின்றாள். "நானும்தான் சிரிச்சேன்."

மேசைமேலிருந்த போனை எடுத்து அவள் அப்பாவின் எண்ணை அழுத்தினாள். அன்றும் ஞாயிற்றுக்கிழமை. ஸ்பீக்கரில் மணி அடித்தது.

"ஏய், விடு. இப்ப இதெல்லாம் எதுக்கு?" என்று சகலை போனுக்குக் கையை நீட்டினார். அக்கா அதை நகர்த்தி என் முன்னால் வைத்தாள். அந்தப் பக்கம் தட்டுகள் வைக்கிற சத்தமும் பேச்சும் கேட்டன.

"அப்பா, சின்ன மாப்பிள்ளை ஏதோ சொல்லணுமாம்."

"அட, மாப்பிள்ளையா! என்ன, வண்டி இன்னும் ஒழுகுதா?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். சகலையின் கை, நீட்டியது நீட்டியபடி, மேசைக்கு மேல் லேசாக நடுங்கிக்கொண்டு நின்றது.