உட்கார்ந்து சமைக்க ஒரு மேடை

இந்தக் காலத்தில் ஒருத்தனும் வாயைத் திறந்து கேட்பதில்லை. சந்தேகம் வந்தால் கேட்க வாய் இருக்கிறது, கையில் போனும் இருக்கிறது. ஆனாலும் தானே ஒரு முடிவு கட்டி, தானே திருத்தி, "சரி பண்ணிட்டோம்" என்று பல்லைக் காட்டுவார்கள். சரி பண்ணச் சொல்லி இவர்களிடம் யார் அழுதது? பெரியவர் தன் சம்பந்தியம்மாவின் சமையலறை வாசலில் நின்று இப்படித்தான் பொரிந்து தள்ளிக்கொண்டிருந்தார்.

உள்ளே, அவர் பட்டறையில் செய்து பொருத்திய புது மேடை பளபளத்தது. அதன் முன்னால் குட்டை ஸ்டூலில் உட்கார்ந்திருந்த சம்பந்தியம்மாவுக்கு அது தோள் மட்டத்துக்கு இருந்தது. இடுப்பில் அறுவை செய்த பிறகு அவரால் நின்று சமைக்க முடியாது. உட்கார்ந்தபடி சமைக்கத் தாழ்வான மேடை வேண்டும் என்றுதான் கேட்டிருந்தார். அது அமைந்தால் தன் வீட்டில் தன் இஷ்டப்படி இருக்கலாம். அமையாவிட்டால் மகன் வீட்டில் போய் ஒண்ட வேண்டியதுதான்.

"சம்பந்தி, இதுல நான் சமைச்சா, பாத்திரத்துக்குள்ள என்ன வேகுதுன்னு பக்கத்து வீட்டுக்காரங்கதான் எட்டிப் பாத்துச் சொல்லணும்," என்றார் சம்பந்தியம்மா. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் கண் கலங்கியிருந்தது. "பேசாம துணிமணிய மூட்டை கட்டிடறேன்."

அளவு எடுத்தது பெரியவர்தான். சம்பந்தியம்மாவை அதே ஸ்டூலில் உட்கார வைத்து, முழங்கை வரும் இடத்தில் சுவரில் பென்சில் கோடு போட்டு, டேப் பிடித்துப் பார்த்துச் சொன்னார். பட்டறையில் வரைபடம் போட ஆள் கிடையாது. மாப்பிள்ளை அளவுகளை வெளியே ஒரு வரைபட ஆபீசுக்கு அனுப்புவார். முகம் தெரியாத யாரோ வரைந்து அனுப்ப, அதன்படி இங்கே பலகை அறுப்பார்கள். கம்ப்யூட்டரில் வரைகிற சாஃப்ட்வேரை வாங்கிப் போட்டால் நானே வரைவேன் என்று மகள் நச்சரித்துக்கொண்டிருந்தாள். பெரியவருக்கு இரண்டிலும் நம்பிக்கை இல்லை.

அளவை ஆபீஸ்காரர்களேதான் மாற்றியிருப்பார்கள் என்று பெரியவர் அடித்துச் சொன்னதால், பட்டறைக்குத் திரும்பியதும் மாப்பிள்ளை அந்த ஆபீசைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார்.

"சார், ஹைட் ரொம்பக் கம்மியா இருந்துச்சு. தப்பா அனுப்பிட்டீங்கன்னு நெனச்சு, எல்லார் வீட்லயும் இருக்கிற ஹைட்டுக்கு மாத்திட்டோம்," என்றது ஒரு குரல், ஏதோ உபகாரம் செய்த மாதிரி.

"ஏன் தம்பி, ஒரு வார்த்தை கேட்டா வாய் முத்து உதிர்ந்துடுமா?" என்று பெரியவர் போனைப் பார்த்துக் கத்தினார்.

"படம் அனுப்பினோமே சார். நீங்க ஓகே சொன்னீங்களே."

மாப்பிள்ளை பெரியவரைப் பார்த்தார். மகளும் பார்த்தாள். படத்தைப் பார்த்துத் தலையாட்டியது பெரியவர்தான். ஜன்னலில் பூச்சாடியோடு, போட்டோ பிடித்த மாதிரி கலர் கலராக வந்திருந்தது. "ஜோரா இருக்கு, அறுங்கடா" என்றுவிட்டார். அதில் ஸ்டூலும் இல்லை, ஆளும் இல்லை. உயரம் எப்படித் தெரியுமாம்? ஓரத்தில் எறும்பு ஊர்வதுபோல் எண்கள் இருந்தனவாம். எறும்பை உட்கார்ந்து எவன் படிப்பான்?

"பூச்சாடியப் பாத்து மயங்கிட்டீங்களாப்பா?" என்றாள் மகள்.

"வாய மூடுடி. பெரிய வக்கீலு!"

"விடுங்க மாமா, தப்பு அவங்க மேலதான். மறுபடி வரைஞ்சு தரச் சொல்லலாம்," என்றார் மாப்பிள்ளை.

"வரைஞ்சு தருவான். அறுத்த பலகைய ஒட்டித் தருவானா? கல்ல எடுத்து, இழுப்பறை எல்லாத்தையும் திரும்பச் செய்யணும். இது உங்கம்மாவா இருக்கக் கொண்டு போச்சு மாப்பிள்ளை. வேற வீடா இருந்தா நம்ம மானம் இந்நேரம் கப்பலேறியிருக்கும்."

"அம்மா நம்ம வீட்டுக்கே வந்துடட்டுமே…" என்று இழுத்தார் மாப்பிள்ளை.

"அத்தைக்கு இஷ்டமில்லாம எதுக்குங்க? நானே வரைஞ்சிருந்தா, 'என்னப்பா இவ்ளோ கம்மி'ன்னு அங்கேயே கேட்டிருப்பேன். இங்க பாருங்க, அந்தச் சாஃப்ட்வேரப் பழகிப் பாக்கறதுக்குச் சும்மாவே குடுத்திருக்காங்க," என்று மகள் கம்ப்யூட்டரைத் திருப்பி வைத்தாள்.

பெரியவர் சொன்ன அளவை அவள் தட்டினாள். மேடை இறங்கியது. இறங்கிய வேகத்திலேயே குபுக்கென்று பழைய உயரத்துக்கு ஏறி நின்றது.

"பாத்தியா! பாத்தியா!" பெரியவர் மேசையில் அறைந்தார். "அங்க இருக்கிறவனாவது மனுசன், நாலு திட்டாவது திட்டலாம். இத எங்க போய்த் திட்டறது?"

"ஐயோ அப்பா, அதுவும் தானாவே எல்லார் வீட்டு ஹைட்டுக்கு மாத்திடும். மாத்தாம நிறுத்தி வெக்க ஒரு இடம் இருக்கு. இதோ." அவள் தேடிப் பிடித்து எதையோ அழுத்தினாள். மேடை இறங்கி, இறங்கிய இடத்திலேயே நின்றது.

"நிறுத்த மறந்துட்டா?"

"மறக்க மாட்டேன்ப்பா."

"அப்ப நீதான் பாத்துக்கணும், அது பாத்துக்காது. அதுக்கு எதுக்குக் காசு?"

மாப்பிள்ளை கிட்டே வந்து திரையைப் பார்த்தார். "வாங்கிடலாம் மாமா. இது மாத்தினா நம்ம கண்ணு முன்னாலயே தெரிஞ்சுடுதே. அம்மா மேடைய இவளே வரையட்டும்," என்று சொல்லிவிட்டு, அம்மாவுக்குப் போன் செய்ய வெளியே போனார்.

"என்னமோ பண்ணித் தொலைங்க." பெரியவர் எழுந்து, சட்டையில் ஒட்டிய மரத்தூளைத் தட்டிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார். பின்னாலிருந்து மகள் கூப்பிட்டாள்: "அப்பா, வந்து பாருங்க, அசையாம நிக்குது!"

"நிக்கட்டும், நிக்கட்டும். எத்தனை நாளைக்குன்னு பாக்கறேன்," என்றார் அவர், திரும்பிப் பார்க்காமல் நடந்தபடி.