பார்க்காமல் சொன்ன சரி

விமானம் தரையை விட்டு எழும்பியதுதான் தாமதம், முன்கண்ணாடிக்கு வெளியே கறுப்பாக ஒரு கூட்டம் குறுக்கே வந்தது. பறவைகள். கேப்டனுக்கு அவற்றைத் திட்டக்கூட நேரம் கிடைக்கவில்லை. வலது பக்கம் 'டமார்' என்று ஒரு சத்தம். விமானம் கிடுகிடுவென்று நடுங்கத் தொடங்கியது. உள்ளே வந்துகொண்டிருந்த குளிர்காற்றில் கருகிய இறைச்சியின் நாற்றம் மூக்கைத் துளைத்தது.

அவள் பதறவில்லை. இந்த மாதிரி நேரத்தில் முதல் வேலை, எதையும் தொடாமல் இருப்பதுதான். விமானத்தை நேராகப் பிடித்துக் கொஞ்சம் உயரம் ஏற வேண்டும், மற்றதெல்லாம் அதற்கப்புறம். அவசரப்பட்டுக் கை வைத்துக் காரியத்தைக் கெடுத்தவர்களின் கதைகளை அவள் பாடமாகவே படித்திருக்கிறாள். ஏறினாள். பிறகு, "எந்த என்ஜின்?" என்று பக்கத்திலிருந்த துணை விமானியைக் கேட்டாள்.

அவனுக்குக் கூட வேலை செய்பவர்கள் வைத்த பெயர் 'மின்னல்'. நாம் சொல்லி முடிப்பதற்குள் அவன் செய்து முடித்திருப்பான்.

"வலது, மேடம்" என்றான் மீட்டர்களைப் பார்த்து. சரியாகத்தான் சொன்னான். அடிபட்ட என்ஜினை அதன் லீவரைப் பின்னால் இழுத்து அடக்கிவிட வேண்டும். ஆனால் கை போய் உட்கார்ந்தது இடது என்ஜினின் லீவரில். அவன் படித்த பயிற்சிக்கூடத்தில் எப்போதும் இடது என்ஜினைத்தான் கெடுத்துக் காட்டுவார்கள். வாய் கண்ணைக் கேட்டது, கை பழக்கத்தைக் கேட்டது.

மனுஷனுக்கு இப்படியெல்லாம் நடக்கும் என்று தெரிந்துதான் ஒரு விதி வைத்திருக்கிறார்கள். ஒருவர் லீவரில் கை வைத்துச் சொல்ல வேண்டும். மற்றவர் திரும்பி அந்தக் கையைக் கண்ணால் பார்த்து 'சரி' என்ற பிறகுதான் இழுக்க வேண்டும்.

"சரி" என்றாள் கேப்டன். கண் எதிரே இருந்த திரையை விட்டு நகரவே இல்லை.

அவன் இழுத்தான். ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த என்ஜின் அடங்கியது. விமானம் கனத்துக் கீழே சரிந்தது. "விடு!" என்று கத்திக்கொண்டே அவள், அவன் கையோடு சேர்த்து லீவரை முன்னே தள்ளினாள். நல்ல என்ஜின் மறுபடி உறுமியது. அப்புறம் வலது லீவரில் அவன் கை வைத்தபோது, அவள் திரும்பி நன்றாக உற்றுப் பார்த்தாள்.

ஒற்றை என்ஜினில் வட்டமடித்து, கிளம்பிய இடத்திலேயே இறக்கினாள். பயணிகள் கைதட்டினார்கள். ஒரு அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு விடவே மாட்டேனென்று அழுதாள். வலது என்ஜினுக்குள் டார்ச் அடித்துப் பார்த்த மெக்கானிக், "உள்ள ஒரு கோழிக்கடையே இருக்கு மேடம்" என்றான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்று சாயங்காலமே விசாரணை அறைக்கு வெளியே இருவரும் காத்திருந்தார்கள். மின்னலின் கையிலிருந்த டம்ளரில் தண்ணீர் தளும்பிச் சட்டையில் சிந்தியது.

"மேடம், நீங்க பாத்துட்டுத்தானே சரின்னு சொன்னீங்க? அப்படின்னா கை வலதுலதான் இருந்திருக்கணும். இழுக்கும்போது எப்படி மாறிச்சுன்னு எனக்கே தெரியல. மூளை குழம்பிப்போச்சா எனக்கு?"

அப்போதே சொல்லியிருக்கலாம். தொண்டை வரை வந்தது. அதற்குள் கைப்பேசி அடித்தது. கணவர்.

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லும்மா" என்றார். அவரிடம் மட்டும் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். "உன் பேச்சு பதிவாயிருக்கும், லீவர் நகந்தது பதிவாயிருக்கும். உன் கண்ணு எங்க இருந்துச்சுன்னு எந்தக் கறுப்புப் பெட்டியிலயும் இருக்காது. வாயை விட்டு வேலையை விட்டுடாத."

பாசத்தில்தான் சொன்னார். அவளுக்கு அவர்மேல் எரிச்சல் எரிச்சலாக வந்தது, அவர் சொன்னது அவளும் நினைத்ததுதான் என்பதால்.

உள்ளே விமானப் பாதுகாப்பு அதிகாரி ஒலிப்பதிவை ஓடவிட்டார். 'வலது, மேடம்.' 'சரி.' நிறுத்தினார். "சொன்னது வலது, நகந்தது இடது. என்ன ஆச்சு?"

மின்னல் முந்திக்கொண்டான். "என் தப்புதான் சார். மேடம் பாத்துத்தான் சொன்னாங்க. அதுக்கப்புறம் நான்தான் கையை மாத்திட்டேன்."

பொய் சொல்லவில்லை அவன். அப்படித்தான் மனதார நம்பினான். அடுத்து கேப்டனாக வேண்டியவன், தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"அப்படித்தானே கேப்டன்?" என்றார் அதிகாரி.

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வீட்டுக்குப் போகலாம், நாளைக்கும் கேப்டனாகவே இருக்கலாம். அவள் மின்னலின் ஈரச் சட்டையைப் பார்த்தாள்.

"இல்ல சார். நான் பாக்கவே இல்ல. இவர் கை முதல்லயே இடதுல இருந்திருக்கணும். பாக்காமலே சரின்னுட்டேன்."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். மின்னலுக்கு உயிர் திரும்பிவரும் என்று அவள் எதிர்பார்த்தாள். அவன் நாற்காலியைத் தள்ளிப் போட்டு, அவளை நேராகப் பார்த்தான்.

"எனக்குப் பைத்தியம் பிடிச்சிருச்சுன்னு நெனச்சேன் மேடம்" என்றான். அப்புறம் குரல் இறங்கியது. "நாம எத்தனையோ தடவை சேந்து பறந்திருக்கோம். அப்பல்லாம் நீங்க சொன்ன சரி?"

அவன் கையைத் திரும்பிப் பார்த்துவிட்டு 'சரி' சொன்ன ஒரு நாளாவது ஞாபகம் வருகிறதா என்று தேடினாள். இன்றைக்கு விமானம் விழப்போன பிறகு பார்த்தது ஒன்றுதான் வந்தது.