ஏழாவது படியின் சத்தம்

மாலை மணி நாலு. கீழே அடுப்படியில் பிஸ்கட் டப்பா. மேலே மாடியில் ஸ்டேஷன் மாஸ்டர். நடுவில் ஏழாவது படி.

ஓய்வு பெற்ற பின்னும் தெருவுக்கே அவர் மாஸ்டர்தான். நாற்பது வருடம் ரயில்களைக் கொடியசைத்து அனுப்பியவரால், ஒரே ஒரு பிஸ்கட்டை அடுப்படியிலிருந்து மாடிக்குக் கொண்டுபோக முடியவில்லை.

டாக்டர் இனிப்புக்குத் தடை போட்டுவிட்டார். அமல்படுத்துவது மனைவி. கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்தவர். யாராவது பக்கத்தைக் கிழித்தால் மூன்று அலமாரி தள்ளியிருந்தே பிடித்துவிடும் காது. கூடத்தில் மாடிப்படிக்கு முதுகைக் காட்டி, வாசலைப் பார்த்து உட்கார்ந்து படிப்பார். ஏழாவது படி ‘கிர்ரீச்’ என்றதும் திரும்பாமலே கேட்பார்: “எங்கே கிளம்பிட்டீங்க?”

தாண்டி மிதிக்க முழங்கால் ஒத்துழைக்கவில்லை. போன மாதம் கைப்பிடியில் உட்கார்ந்து சறுக்கிப் பார்த்தார். உடைந்த மூன்று கம்புகளோடு கூடத்தில் வந்து இறங்கினார்.

“தூசி தட்டினேன்” என்றார்.

தச்சர் வரவழைக்கப்பட்டார்.

“கட்டினப்போ எப்படி இருந்துச்சோ அப்படியே ஆக்கிடுங்கண்ணே. பழைய வீடு, பாருங்க!” மாஸ்டரின் குரலில் பக்தி சொட்டியது.

“அப்போ அந்தக் கிர்ரீச்சும் இருக்கட்டும். அதுவும் பழசுதானே?” என்றார் மனைவி.

மாஸ்டர் அவசரமாகத் தச்சரைப் பார்த்தார். தச்சர் ஏழாவது படியைத் தட்டிப் பார்த்தார்.

“இல்லம்மா, இது நடுவுல வந்த வியாதி. ஆப்பு தளர்ந்து பலகை ஆடுது. புதுசுல மூச்சு விட்டிருக்காது.”

மாஸ்டருக்கு அவரைக் கட்டிப்பிடிக்கத் தோன்றியது.

“திடீர்னு வீட்டு மேல என்ன இவ்வளவு அக்கறை?” மனைவியின் கண் இடுங்கியது.

ஆபத்து! அக்கறையை நிரூபித்தாக வேண்டும்.

“படி மட்டுமா? வாசல் நடையையும் பழையபடி ஆக்கப் போறேன். நானே சுரண்டறேன்!”

வாசற்கதவை ஒட்டிய உள்பக்கச் சுவரில், ஆளுயர மரச்சட்டத்துக்குள் பெயிண்ட் மேல் பெயிண்ட். பச்சையைச் சுரண்டினார், நீலம் வந்தது. நீலத்தைச் சுரண்டினார், ரோஸ் வந்தது. மூன்றாம் நாள், ரோஸுக்கு அடியிலிருந்து ஒரு கண் அவரை முறைத்தது.

அலறிவிட்டார்.

அவருடைய கண்தான். உள்ளே நிலைக்கண்ணாடி!

“வெளியே கிளம்பறவங்க தலை சீவிக்க வெச்சிருப்பாங்க. வேண்டாம்னா மூடிடலாம் சார்” என்றார் தச்சர்.

“மூடறதா? பழசு பழசாவே இருக்கணும்!” என்று மாஸ்டர் வீராவேசமாகச் சொல்லி, அதைப் பளபளவென்று தானே துடைத்தார். மனைவி நாற்காலியிலிருந்து ஒருமுறை பார்த்தார். லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது.

படி வேலை முடிந்த மறுநாள். மணி நாலு. ஐந்தாவது படி... ஆறாவது... ஏழாவது!

சத்தமே இல்லை.

அடுப்படி. டப்பா. வாயில் ஒன்று, கைக்கு ஒன்றாக இரண்டு. வெற்றி! பூனை நடையில் திரும்பி மூன்று படி ஏறியிருப்பார்.

“கையில இருக்கிற ரெண்டையும் டப்பாவிலேயே வெச்சிடுங்க.”

மாஸ்டர் சட்டெனத் திரும்பினார். மனைவியின் தலை அசையவே இல்லை. ஆனால் வாசல் கண்ணாடிக்குள், மூக்குக்கண்ணாடிக்கு மேலாக இரண்டு கண்கள். பின்னால் மாடிப்படி முழுசாக. அதில், கன்னம் உப்பிய ஒரு திருடன்.

“அப்போ... வாயில இருக்கிறது?” பிஸ்கட் தூள் மூன்று படியைத் தாண்டிப் பறந்தது.

மனைவி பக்கத்தைப் புரட்டினார்.

“அது கண்ணாடி துடைச்ச கூலி.”