ஸ்லாட்டில் குங்குமம்

1

இந்தக் கதையில் நான் நேரில் பார்த்தது கொஞ்சம்தான். ஓசூரில் மாடியில் இருக்கும் ஒரு கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை. மேசைமேல் பக்கக் கதவு கழற்றப்பட்ட பழைய டெஸ்க்டாப். கடைக்காரர் அதன் மெமரி ஸ்லாட்டைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தார். சிவப்பாகத் தூள் உதிர்ந்தது. "குங்குமங்க" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். எதிரே ஸ்டூலில் உட்கார்ந்திருந்த பெண் சிரிக்கவில்லை. அவருக்குப் பின்னால் நின்ற ஆளின் வலது கையில் இரண்டு விரல்கள் இல்லை.

என் பிரிண்டர் தயாராகியிருந்தது. வாங்கிக்கொண்டு இறங்கிவிட்டேன். மற்றதெல்லாம் நான் கட்டியது. பெயர்களும்.

2

முதல் தொடக்கம்: "நினைவு என்பது ஒரு

(வேண்டாம். கெட்டுப்போனது மெமரி என்பதால் கதையும் நினைவைப் பற்றியது என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அது ஒரு பச்சை அட்டை. துடைத்தால் வேலை செய்யும்.)

இரண்டாவது: "மாதேஸ்வரிக்கு அன்று காலையிலிருந்தே மனம் சரியில்லை." (கதைகளில் யாருக்குத்தான் காலையிலிருந்து மனம் சரியாக இருந்திருக்கிறது. அடித்துவிட்டேன்.)

மூன்றாவது நிற்கிறது.

மணிவேல் வாசலில் நின்று கேட்டபோது, அது ஓடாது என்றுதான் மாதேஸ்வரி முதலில் சொன்னாள்.

"கம்பெனியில இருந்த அந்தக் கம்ப்யூட்டர் பொட்டி உங்ககிட்டதான் இருக்குதாமேக்கா?"

"இருக்குது. ஓடாதுப்பா. மூணு வருசமா பரண்மேல கெடக்குது."

"ஓட வெச்சிக்கலாம். நான் தூக்கிக்கிறன்."

"உனக்கு எதுக்குப்பா செரமம்?"

"திங்கக்கெழம கிருஷ்ணகிரியில நஷ்டஈட்டு வெசாரணைக்கா. வெரலு போன அன்னைக்கி நான் டூட்டியிலயே இல்லன்னு கம்பெனியில எழுதிக் குடுத்துட்டாங்க. ஊட்ல மாட்டுக்குச் சோளத்தட்டு வெட்டற மிசின்ல கைய வுட்டுக்கிட்டனாம்." மணிவேல் சிரித்தான். "எங்கூட்ல மாடே இல்லக்கா."

பெட்டியோடு அவனைத் தனியாக அனுப்ப அவளுக்கு மனம் வரவில்லை. அக்கறை என்று எழுதினேன். அக்கறையாகவும் இருக்கலாம்.

3

கொஞ்சம் பழைய விஷயம் சொல்ல வேண்டும். சுருக்கமாகச் சொல்கிறேன்.

ஸ்கூட்டருக்குத் தகடு அடித்துக் கொடுத்த சின்னக் கம்பெனி. இப்போது இல்லை. மணிவேல் அங்கே பிரஸ் ஆபரேட்டர். மாதேஸ்வரி டைம் ஆபீஸ்: யார் வந்தார்கள், எத்தனை மணிக்கு வந்தார்கள், எப்போது போனார்கள். ஆவணி மாதம் ஒரு வியாழக்கிழமை பிரஸ் அவன் விரல்களை எடுத்தது. ஐந்தாம் நாள் மேனேஜர் அவள் பக்கத்தில் வந்து நின்றார்.

"வியாழக்கிழமைக்கு அவனுக்கு ஆப்சென்ட் போட்டுடும்மா."

போட்டாள். மிரட்டல் இல்லை, அழுகை இல்லை. (இரண்டும் இருந்ததாக எழுதிப் பார்த்தேன். அவளுக்கு ரொம்பச் சாதகமாகப் போயிற்று. எடுத்துவிட்டேன்.)

அந்த சாப்ட்வேருக்கு ஒரு குணம். பஞ்ச் அடித்த நேரத்தை அது அழிக்காது. காலை 6.52 என்று முதல் கட்டத்தில் அப்படியே நிற்கும். அடுத்த கட்டத்தில் ஆப்சென்ட். அதற்கடுத்த கட்டத்தில், திருத்தியவர் பெயர். மூன்றும் ஒரே வரி. ஒன்றை விட்டு ஒன்றைப் பிரிண்ட் எடுக்க முடியாது.

முதல் கட்டத்தை நம்பித்தான் மணிவேல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். மூன்றாவது கட்டம் ஒன்று இருப்பதே அவனுக்குத் தெரியாது.

* வாசித்துப் பார்த்த நண்பர் கேட்டார்: ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டினால் போதாதா? போதாது. அந்த சாப்ட்வேர் அந்தப் பெட்டியில் மட்டும்தான் திறக்கும். உலகத்தில் வேறு வழி இருக்கலாம். கதையில் இல்லை.

4

கடைக்காரனுக்கு இளம்பரிதி என்று பெயர் வைத்திருக்கிறேன். அவன் சுவிட்சைப் போட்டான். உள்ளே ஃபேன் சுற்றியது. திரை கறுப்பாகவே இருந்தது. பிறகு பீப், பீப், பீப்.

"மூணு. மெமரிதான்" என்றான். "டாக்டருகிட்ட போனா எங்க வலிக்குதுன்னு நாம சொல்லணும். இது அதுவே சொல்லிடும்."

"சரியாயிடுமாண்ணா?" மணிவேல் கேட்டான்.

"வாங்கண்ணா, தொறந்து பாக்கலாம்."

போன் அடித்தது. "பர்த்தீனி சார், ஐது நிமிஷ" என்று கன்னடத்தில் சொல்லி வைத்தான். எங்கும் போகவில்லை. ஐந்து நிமிடத்தில் வருகிறேன் என்பதற்கு அந்த ஊரில் எல்லா மொழியிலும் ஒரே பொருள்தான்.

இரண்டு மெமரி அட்டைகளையும் உருவி, தங்க நிற ஓரத்தைப் பென்சில் ரப்பரால் தேய்த்தான். ஒன்றை மட்டும் மாட்டிப் பார்த்தான். மூன்று பீப். மற்றதை மாட்டினான். மூன்று பீப். டார்ச் அடித்து ஸ்லாட்டுக்குள் பார்த்தான்.

"யாருக்கா இதுக்குப் பொட்டு வெச்சது?"

"ஆயுத பூசைக்கு வெச்சது" என்றாள் மாதேஸ்வரி.

"ஊரே வெளிய வெக்கும். நீங்க மதர்போர்டுக்கே வெச்சிருக்கீங்க."

"சாமிக்கு உள்ள இன்னா, வெளிய இன்னா."

"எங்க பிரஸ்ஸுக்கும் அக்காதான் வெப்பாங்க" என்றான் மணிவேல். "அதுக்கு நெத்தி எதுன்னு தேடித் தேடி வெப்பாங்க."

இளம்பரிதி பிரஷ்ஷை எடுத்தான். (இந்த இடத்தில்தான் நான் பிரிண்டருக்குக் காத்திருந்தேன்.)

5

இங்கே இரண்டு வாரம் கதை நின்றுபோனது.

ஏழு ஆயுத பூஜைக்கு அவள் பெட்டியின் முகப்பில்தான் பொட்டு வைத்தாள். எட்டாவது வருஷம், மணிவேல் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மாதம், பக்கவாட்டு ஸ்க்ரூக்களைக் கழற்றி உள்ளே வைத்தாள். சந்தனம் தண்ணீராகக் குழைந்திருந்தது. குங்குமத்தோடு சேர்ந்து ஸ்லாட்டுக்குள் வழிந்து காய்ந்தது. பூஜை முடிந்த மறுநாள் மூன்று பீப். புதுக் கம்ப்யூட்டர் வந்தது. கம்பெனி மூடியபோது மேனேஜர், "காயலாங்கடைக்குப் போறதுதான், வேணும்னா எடுத்துக்கம்மா" என்றார். எடுத்துக்கொண்டாள்.

அந்தப் பொட்டை அவள் ஏன் உள்ளே வைத்தாள்?

பாவம் செய்த கை, சாமியை இன்னும் கொஞ்சம் கிட்டத்தில் தேடியது என்று ஒரு பக்கம் எழுதினேன். நன்றாக வந்தது. நன்றாக வந்ததால் சந்தேகம்.

பெட்டி செத்தால் அந்த வரியும் சாகும் என்று தெரிந்தே தண்ணீராகக் குழைத்தாள் என்று இன்னொரு பக்கம் எழுதினேன். அப்படியானால் காயலாங்கடைக்கு விட்டிருக்கலாமே? சாகடிக்க நினைத்தவள் ஏன் பழைய புடவையில் சுற்றி, எலி ஏறாத பரணாகப் பார்த்து மூன்று வருஷம் வைத்திருந்தாள்?

அவளையே கேட்கலாமென்றால், அவளுக்குப் பதில் எழுதித் தர வேண்டியவன் நான். எனக்குத் தெரியவில்லை. இரண்டு பக்கத்தையும் எடுத்துவிட்டேன். குங்குமம் மட்டும் இருக்கிறது.

6

ஸ்லாட் சுத்தமானது. ஒரு அட்டை செத்திருந்தது. மற்றது பிழைத்தது. சுவிட்சைப் போட்டதும் ஒரே ஒரு பீப்.

"வந்துருச்சு" என்றான் இளம்பரிதி.

திரையில் வெள்ளை எழுத்து. தேதி தவறு, தொடர எஃப் ஒன் அழுத்தவும். கணக்குப்படி அன்று இரண்டாயிரத்து ஐந்து ஜனவரி ஒன்று.

மணிவேல் குனிந்து பார்த்தான். "தேதி தப்பா காட்டுதேண்ணா. அப்பன்னா நம்முளுதும் தப்புன்னுடுவாங்களா?"

"இது கடிகாரம்ணா. உள்ள பட்டன் பேட்டரி செத்துடுச்சு, மாத்திடறன். உள்ள எழுதினது எழுதினதுதான். அது எங்கயும் போவாது."

மாதேஸ்வரி இதைக் கேட்டாள். (அவள் முகம் எப்படி ஆயிற்று என்று எழுதவில்லை. பின்னால் நின்ற மணிவேலுக்கு அவள் முதுகுதான் தெரிந்தது.)

பேட்டரி மாற்றினான். தேதி சரியாயிற்று. பாதி மெமரியில் விண்டோஸ் மெதுவாக ஏறியது. டைம் ஆபீஸ் சாப்ட்வேரைத் திறந்தான். அது பாஸ்வேர்டு கேட்டது.

"இது உங்களுதுக்கா" என்று கீபோர்டை அவள் பக்கம் தள்ளினான்.

மெஷினில் இனிக் கோளாறு இல்லை.

7

முதல் முடிவு: அவள் அடிக்கிறாள். வரி திறக்கிறது. மணிவேல் மூன்றாவது கட்டம்வரை வாசித்துவிட்டு ஒன்றும் பேசாமல்

(பேசாமல் இருந்தால் எனக்கு வசதி. அவன் பேசுவான். என்ன பேசுவான் என்று எழுத எனக்குத் தைரியம் வரவில்லை.)

இரண்டாவது முடிவு: "மறந்துபோச்சுப்பா." மூன்று வருஷம் ஆயிற்று, யாரும் நம்புவார்கள். மணிவேல், "பரவாயில்லக்கா, நீங்க இவ்ளோ தூரம் வந்ததே பெருசு" என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்குகிறான். திங்கட்கிழமை கிருஷ்ணகிரியில் அவன் மாடில்லாத வீட்டில் தட்டு வெட்டியவன் ஆகிறான்.

இரண்டும் எழுதக் கூடியவைதான். எதையும் நான் வைத்துக்கொள்ளவில்லை. அதற்கு முன்னால் நடந்ததோடு நிறுத்துகிறேன்.

கீபோர்டு அவள் பக்கம் வந்ததும் மணிவேல் ஒரு காரியம் செய்தான். அடுத்தவர் பாஸ்வேர்டு அடிக்கும்போது பார்க்கக் கூடாது என்பது கம்பெனியில் பழகியது. "நீங்க அடிங்கக்கா, நான் பாக்கல" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். இளம்பரிதி போனை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போனான்.

பாஸ்வேர்டு எட்டு எழுத்து. அவளுக்கு அது மறக்கவில்லை. அவளைப் பற்றி நான் உறுதியாகச் சொல்லக்கூடியது இது ஒன்றுதான்.

மணிவேல் சுவரில் இருக்கும் டயர் கடைக் காலண்டரைப் படித்துக்கொண்டு நிற்கிறான். ராகு காலம், எமகண்டம், குளிகை. எல்லாம் படித்தாகிவிட்டது.

"ஆச்சாக்கா?" என்று கேட்கிறான்.

பதிலை நீங்கள்தான் சொல்ல வேண்டும். அவன் இன்னும் திரும்பவில்லை.